தெருவுக்கு ஒரு தீ



போகிக்கு இன்னும் சில நாள்தான் இருக்கிறது. கடைத்தெருவில் போகி மேளம் வந்து இறங்கிவிட்டது. இந்த நேரம் பார்த்து, ‘நம் ஊர்த் தீயும் வாணமும்’ என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். இந்த விஷயத்தில் எனக்கு ஓர் ஆதங்கம் இருக்கிறது, ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. வேண்டுகோளைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். ஆதங்கம் இதுதான்: ஊர் கூடித் தீ மூட்டியவர்கள் நாம். இன்று வீட்டுக்கு வீடு தனித்தனியாகக் கொளுத்துகிறோம். புகையை மட்டும் எல்லோரும் சேர்ந்து சுவாசிக்கிறோம்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று விரியும் நம் வட்டாரத்தின் ஓராண்டை எண்ணிப் பாருங்கள். ஆடி பிறந்தால் அம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பார்கள், தீமிதி நடக்கும். ஐப்பசியில் தீபாவளி, பட்டாசு. கார்த்திகைப் பௌர்ணமியில் வாசலெல்லாம் அகல், கோயில் முன்னே சொக்கப்பனை. மார்கழியின் கடைசி விடியலில் போகி. அது மட்டுமா? பூந்தமல்லிக்குப் பக்கத்தில் மாங்காடு. அங்கே காமாட்சி எப்படித் தவம் செய்தாள்? ஐந்து தீக்கு நடுவே ஒற்றைக் காலில் நின்று தவம் செய்தாள் என்பது தலபுராணம். தீயின் நடுவே நிற்கும் ஒரு தாயை வைத்து வழிபடும் ஊர் நம்முடையது!

இவ்வளவு தீ எதற்காக? குளிருக்காகவா? சென்னைக் குளிருக்கு ஒரு போர்வை போதுமே. வெளிச்சத்துக்காகவா? அதற்கு அகல் போதும். ஊர் ஒன்றாக ஓரிடத்தில் வந்து நிற்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. தீ அந்தக் காரணத்தைக் கொடுத்தது.

சொக்கப்பனையைப் பாருங்கள். இங்கே இருக்கும் பெரியவர்கள் பலர் பார்த்திருப்பீர்கள், பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கோயிலுக்கு எதிரே திறந்த வெளியில் குழி பறித்து ஒரு பனந்துண்டை நடுவார்கள். அதைச் சுற்றிக் காய்ந்த பனையோலையை அடுக்கடுக்காகக் கட்டி உயர்த்துவார்கள். கார்த்திகை தீபத்தன்று இருட்டியதும் சாமி புறப்பாடாகி வந்து எதிரே நிற்கும். தீபாராதனை ஆன பிறகு, அதே சுடரை எடுத்து ஓலையில் வைப்பார்கள். அவ்வளவுதான். கண்மூடித் திறப்பதற்குள் பனை உயரத்துக்குத் தீ எழும். படபடவென்று ஓலை வெடிக்கும். முகத்தில் அனல் அடிக்கும். கூட்டம் தானாகவே இரண்டடி பின்னால் போகும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். அதன் சாம்பலை நெற்றியில் இட்டுக்கொள்வார்கள். வயல் வைத்திருப்பவர்கள் கரிந்த குச்சியை எடுத்துப்போய் வயலில் நடுவார்கள்.

இந்தக் காட்சியில் ஒளிந்திருக்கும் ஒழுங்கைக் கவனியுங்கள். எத்தனை தீ? ஒன்று. எங்கே? கூரை வீடுகளிலிருந்து விலகிய திறந்த வெளியில். எரிவது என்ன? பனையோலை, பனைமரம், வேறு ஒன்றும் கிடையாது. கொளுத்துவது யார்? அதற்கென்று ஒருவர். எவ்வளவு நேரம்? ஓலை தீரும் வரை. இத்தனை வரம்பும் கட்டிய பிறகுதான் நம் முன்னோர் நெருப்பை வைத்தார்கள். என் பேச்சின் சாரமே இதுதான், அதனால் மறுபடியும் சொல்கிறேன்: நெருப்பு வைப்பது யாராலும் முடியும். அதற்கு வரம்பு கட்டத் தெரிந்ததுதான் நம் மரபு.

இது நேற்று வந்த மரபும் இல்லை. கார்த்திகை விளக்குகள் சங்கப் பாட்டிலேயே எரிகின்றன. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைப் பதிகம், அந்த ஊரின் திருவிழாக்களை வரிசையாகச் சொல்லும்போது கார்த்திகை விளக்கீட்டையும் சொல்கிறது. அதே சம்பந்தர் நம் திருவேற்காட்டையும் பாடியிருக்கிறார். சுந்தரர் நம் திருமுல்லைவாயிலைப் பாடியிருக்கிறார். இன்று லாரி ஹாரனுக்கு நடுவே நாம் கடந்துபோகும் இந்த ஊர்களெல்லாம் தேவாரப் பாடல் பெற்றவை என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோமா? திருவண்ணாமலையில் 2668 அடி உயர மலை மேல் ஏற்றுகிற மகாதீபத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கிறோம், நல்லது. நம் தெருக்கோடிக் கோயில் சொக்கப்பனையையும் ஒரு எட்டு போய்ப் பார்க்க வேண்டாமா?

பெரியவர்களின் தீ சொக்கப்பனை என்றால், பிள்ளைகளின் தீ மாவளி. இதை நான் நின்று நிதானமாகச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் இதைச் செய்யத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

என் சிறு வயதில், பட்டாபிராம் பக்கம் பனைமரங்கள் வரிசையாக நின்ற நாளில், கார்த்திகைக்குப் பல நாள் முன்பே எங்கள் வேலை தொடங்கிவிடும். ஆண் பனையின் பூக்கதிர் காய்ந்து கீழே விழுந்து கிடக்கும். அதைப் பொறுக்கிச் சேர்ப்போம். சின்னக் குழி வெட்டி அதில் போட்டுக் கொளுத்தி, நன்றாகப் பற்றியதும் மண்ணைத் தள்ளி மூடிவிட வேண்டும். தாமதித்தால் சாம்பல்தான் மிஞ்சும். மூடினால் கரியாகும். மறுநாள் குழியைத் திறந்து அந்தக் கரியை அம்மியில் வைத்து அரைப்போம். கை, முகம், சட்டை எல்லாம் கறுப்பு. அந்தத் தூளைப் பழைய பருத்தித் துணியில் நீளமாகக் கொட்டி, இறுக்கிச் சுருட்டி, நூலால் நெருக்கிக் கட்ட வேண்டும். துணி பருத்தியாகத்தான் இருக்க வேண்டும். பிறகு பச்சைப் பனைமட்டையை மூன்றாகப் பிளந்து, அந்தச் சுருளை நடுவில் செருகி, மேலும் கீழும் கட்டி, மூன்று முழக் கயிற்றில் தொங்கவிட்டால் மாவளி தயார். சுருளின் தலையில் ஒரு தணல் துண்டை வைத்து, கயிற்றைப் பிடித்துத் தலைக்கு மேலே சுழற்ற வேண்டும். சுழலச் சுழலக் காற்றுப் பட்டுக் கரி கனியும். பொன்பொடி தூவியது மாதிரி பொறி பறக்கும். சுற்றுகிறவனைச் சுற்றி ஒரு பெரிய ஒளிவட்டம்! சத்தம் இல்லை. கந்தக நெடி இல்லை. காசு ஒரு பைசா இல்லை.

இன்று பனை ஆர்வலர்கள் சிலர் இதைத் தேடிப்பிடித்து மறுபடியும் கற்றுத்தருகிறார்கள். பனை நம் மாநில மரம். மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் அதை வெட்டக் கூடாது என்று 2021-இல் தமிழக அரசு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. மரம் நிலைத்தால் மாவளியும் நிலைக்கும். ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் ஒரு கார்த்திகை இரவு நூறு பிள்ளைகள் மாவளி சுற்றினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

இனி வாணத்துக்கு வருகிறேன்.

பாரசீக மன்னர் ஷாருக்கின் தூதராக அப்துர் ரசாக் 1443-இல் விஜயநகரத்துக்கு வந்தார். அங்கே நடந்த திருவிழாவில் வாணவேடிக்கை பார்த்ததை எழுதி வைத்திருக்கிறார். கோயில் திருவிழா என்றாலும் வாணம் உண்டு. ஊருக்கு ஒரு வாணக்காரர் வருவார். ஆற்றங்கரையிலோ ஏரிக்கரையிலோ அவர் வாணம் விடுவார், ஊரே நின்று பார்க்கும். இங்கேயும் அதே ஒழுங்குதான்: விடுபவர் ஒருவர், பார்ப்பவர் எல்லோரும்.

பிறகு என்ன நடந்தது? 1920-களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். மழை பெய்யாத அந்தக் கரிசல் மண்ணில் தீப்பெட்டி பிழைப்பானது. 1940-களில் பட்டாசும் சேர்ந்தது. இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் மிகப் பெரும் பகுதி அங்கிருந்துதான் போகிறது. அந்த உழைப்பை நான் வணங்குகிறேன். வெடிவிபத்துகளில் உயிரை விட்ட அந்த மண்ணின் தொழிலாளர்களை நினைக்காமல் ஒரு மத்தாப்பைக் கூட நாம் பற்றவைக்கக் கூடாது.

நம் பகுதியிலும் காலம் மாறியது. 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் ஆலை வந்தது. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. தொழிற்பேட்டை வந்தது. மாதச் சம்பளம் வந்தது, தீபாவளிக்கு போனஸ் வந்தது. போனஸ் வாங்கிய அப்பா ஒரு பெட்டி பட்டாசோடு வீட்டுக்கு வரும் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மாதாமாதம் சீட்டுக் கட்டிப் பட்டாசு வாங்கிய தாய்மார்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். பிள்ளை கையில் கம்பி மத்தாப்பு பூக்கும்போது அதன் முகத்தைப் பார்ப்பதற்கு எத்தனை மாதச் சீட்டும் தகும்.

ஆனால் வாணம் ஏரிக்கரையை விட்டு வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. வாசலோ குறுகிப்போனது. ஒருபக்கம் நிறுத்திய பைக், மறுபக்கம் மின்கம்பம், மேலே கேபிள் வயர், நடுவே லட்சுமி வெடி. அம்பத்தூரில் ஒரு பிள்ளைக்குத் தீக்காயம் என்றால் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்கு ஓட வேண்டும். அந்த வார்டு தீபாவளிக்கு முன்பே தயாராகிறது என்பதை ஆண்டுதோறும் செய்தியில் பார்க்கிறோம். ஒரு பண்டிகைக்கு ஒரு வார்டு தயாராக வேண்டுமா?

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. இரவு 8 மணி முதல் 10 மணி வரை மட்டுமே பட்டாசு என்றது. நம் வழக்கம் அதுவா? விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி உடுத்தி, முதல் வெடி வெடிப்பதல்லவா நம் தீபாவளி? தமிழக அரசு முறையிட்டது. அந்த இரண்டு மணி நேரத்தை மாநிலமே தேர்ந்துகொள்ளலாம் என்று நீதிமன்றம் இசைந்தது. அப்படி வந்ததுதான் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்ற நேரம். இது எல்லோருக்கும் தெரியும். சரவெடிக்கும் பேரியம் கலந்த பட்டாசுக்கும் வந்த தடையும் தெரியும். தெரியாத ஒரு செய்தி அதே தீர்ப்பில் இருக்கிறது. முன்கூட்டியே இடம் குறித்து, மக்கள் ஓரிடத்தில் கூடிப் பட்டாசு வெடிக்கும் வழியை எல்லா மாநிலங்களும் ஆராய வேண்டும் என்று அது சொல்கிறது. திறந்தவெளியில் ஒன்றுகூடிக் கூட்டாக வெடியுங்கள் என்று நம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் தீபாவளி வேண்டுகோளில் கேட்டு வருகிறது.

நண்பர்களே, இது யாருடைய யோசனை? நம் வாணக்காரரின் ஏரிக்கரை யோசனை அல்லவா? நாம் கைவிட்ட மரபை நீதிமன்றம் எடுத்து நம் கையில் கொடுக்கிறது. வாங்கிக்கொள்ள வேண்டாமா?

இப்போது போகி. என் ஆதங்கம் முழுக்கக் குவிந்திருக்கும் இடம் இதுதான்.

பழைய வீட்டில் போகிக்கு எதை எரித்தார்கள்? கிழிந்த கோரைப்பாய். தேய்ந்த துடைப்பம். பிய்ந்த முறம், கூடை. கூரையிலிருந்து பிரித்த பழைய கீற்று. எல்லாம் செடியிலும் மரத்திலும் வந்தவை. எரித்தால் பிடி சாம்பலாகி மண்ணோடு போகிறவை. நம் திருவள்ளூர் மாவட்டத்தில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஏராளம். அவர்கள் ‘போகி மண்டலு’ என்ற போகித் தீக்கு வரட்டியை மாலையாகக் கோத்து வருவார்கள். மார்கழி முழுக்க வாசல் கோலத்தில் வைத்த சாணியைத் தட்டிக் காயவைத்த வரட்டி அது. அன்று மாலை குழந்தைகளுக்கு இலந்தைப்பழத்தைத் தலையில் கொட்டி வாழ்த்துவார்கள். அதே நாட்களில் பஞ்சாபிகளுக்கு லோரி. விறகுத் தீயை மூட்டி, எள்ளும் வேர்க்கடலையும் பொரியும் போட்டுச் சுற்றிவந்து பாடுவார்கள். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைகளும் மத்திய ரிசர்வ் போலீஸ் முகாமும் விமானப்படைத் தளமும் இருப்பதால், எல்லா மாநிலத்தாரும் நமக்கு அக்கம்பக்கத்தார்தான். தை பிறக்கும்போது தமிழர், தெலுங்கர், பஞ்சாபியர் மூவருமே தீயைச் சுற்றித்தான் நிற்கிறோம்.

இன்று நாம் எதை எரிக்கிறோம்? டயர். மெத்தைப் பஞ்சு. பிளாஸ்டிக் நாற்காலி. நைலான் புடவை. நேற்றுக் கட்டிய ஃப்ளெக்ஸ் பேனர். டன்லப் டயர் ஆலை ஓடிய ஊர் அம்பத்தூர். டயரில் என்னென்ன இருக்கிறது என்பது இங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற எத்தனையோ பேருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ரப்பர், கந்தகம், கார்பன் பிளாக், எண்ணெய். அதைக் கொளுத்தினால் கரும்புகையோடு பென்சீனும் கந்தக டை ஆக்சைடும் வருகின்றன. பி.வி.சி. எரிந்தால் டையாக்சின் வரும். அந்தப் புகைக்குப் பக்கத்தில் நின்று மேளம் அடிப்பது யார்? நம் வீட்டுப் பிள்ளை.

போகித் தீ எரிவது எந்த நேரத்தில்? காற்று அசையாத நேரத்தில். மார்கழி விடியலில் தரை குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப்போகும். அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று ஒரு மூடி போட்டது மாதிரி நிற்கும். புகை மேலே போக வழியில்லை. பனியோடு கலந்து தெருவிலேயே தங்கிவிடும். 2018 ஜனவரி 13, போகி நாள். அன்று காலை சென்னை விமான நிலையத்தில் ஓடுதளம் தெரியாத அளவுக்குப் புகைமூட்டம். இறங்க வேண்டிய விமானங்கள் பல வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. விமானத்துக்காவது வேறு ஊர் உண்டு. கொரட்டூரில் ஒற்றை அறை வீட்டில் மூச்சிரைப்போடு படுத்திருக்கும் மூதாட்டி எங்கே போவார்? பி.எம். 2.5 என்கிற நுண்துகள் ஒரு நாள் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு வரையறை. போகி விடியலில் அந்த எல்லை எங்கோ பின்னால் போய்விடுகிறது.

‘பழையதைக் கழிப்பது மரபுதானே ஐயா’ என்று கேட்பீர்கள். ஆம், மரபுதான். ஆனால் போகிக்கு நாம் எடுத்துச் சொல்லும் அந்தப் புகழ்பெற்ற நன்னூல் சூத்திரம் எதைப் பற்றியது? மொழியைப் பற்றியது. காலத்துக்கு ஏற்பப் பழைய வழக்குகள் நீங்குவதும் புதியவை சேர்வதும் பிழையில்லை என்று பவணந்தி முனிவர் இலக்கணம் வகுத்தார். கண்ணில் பட்டதையெல்லாம் கொளுத்துங்கள் என்று அவர் சொல்லவில்லை.

எதை எரிக்கலாம், எதை எரிக்கக் கூடாது என்ற விவேகம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று. உ.வே. சாமிநாதையர் ஏட்டுச்சுவடி தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போனார். அங்கே குப்பை கூளமாகக் கிடந்த பழைய ஏடுகளை என்ன செய்தீர்கள் என்று கேட்டார். ஆகமத்தில் சொல்லியிருப்பதாக நினைத்து நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டோம் என்று பதில் வந்தது. அவருடைய நெஞ்சு எப்படித் துடித்திருக்கும்! எந்த நூல் போயிற்று, எத்தனை நூல் போயிற்று, யாருக்குத் தெரியும்? பக்தியோடுதான் செய்தார்கள். தெரியாமல்தான் செய்தார்கள். எரிந்தது திரும்பவில்லை.

கடல் கடந்தும் ஒரு நடை போய் வருவோம். இங்கிலாந்தில் ஆண்டுதோறும் நவம்பர் 5 இரவு தீ மூட்டி வாணம் விடுவார்கள். 1605-இல் நாடாளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்க நடந்த சதி பிடிபட்ட நாள் அது. லூயிஸ் என்ற சிறுநகரத்தில் அதற்கென்றே சங்கங்கள் இருக்கின்றன. தீப்பந்த ஊர்வலம் முதல் வாணம் வரை பொறுப்பு அந்தச் சங்கங்களுடையது. ஊர் பார்க்கிறது, சங்கம் பதில் சொல்கிறது. நம் கோயில் தர்மகர்த்தாவும் வாணக்காரரும் சேர்ந்து செய்த வேலைதான் இதுவும்.

இப்போது என் வேண்டுகோள். தெருவுக்கு ஒரு தீ. இந்தப் போகிக்கு, வீட்டுக்கு ஒன்று வேண்டாம், தெருவுக்கு ஒன்று.

இடத்தை முதல்நாளே பாருங்கள். மேலே கம்பி இருக்கக் கூடாது, பக்கத்தில் வண்டி நிற்கக் கூடாது. திருநின்றவூர், வேப்பம்பட்டுப் பக்கம் மாடு வைத்திருப்பவர்களிடம் சொல்லிவைத்தால் வரட்டி கிடைக்கும். வீட்டுக்கு இரண்டு வரட்டி, கிழிந்த பாய் இருந்தால் அது, கழித்த துடைப்பம் இருந்தால் அது. வேறு எதையும் யாரும் கொண்டுவந்தால் அன்போடு திருப்பி அனுப்புங்கள். பழைய துணி, டயர், பிளாஸ்டிக்கைப் போகிக்கு முன்னரே வாங்கிக்கொள்ள மாநகராட்சி சமீப ஆண்டுகளாக ஏற்பாடு செய்கிறது. அம்பத்தூர் மண்டலத்தில் தூய்மைப் பணியாளர்களிடமே கேளுங்கள். இரண்டு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். தெருவிலேயே மூத்த அம்மாவை அழைத்து வந்து அவர் கையால் பற்றவைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் சுற்றிநின்று மேளம் அடிக்கட்டும், நன்றாக அடிக்கட்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள், வடநாட்டுக் குடும்பம் இருந்தால் அவர்களையும் கீழே அழையுங்கள். எள்ளும் பொரியும் அவர்கள் கொண்டுவருவார்கள்.

இது நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிள்ளையார் சதுர்த்திக்குத் தெருவுக்கு ஒரு பந்தல் போட நமக்குத் தெரிகிறது. ஆடிக்குத் தெருவுக்கு ஓர் அண்டாவில் கூழ் காய்ச்சத் தெரிகிறது. தெருவுக்கு ஒரு தீ மட்டும் முடியாதா?

அரங்கின் வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். வெளியே போகும்போது உங்கள் தெருவின் பெயரை அதில் எழுதுங்கள். பக்கத்திலேயே, யார் முன்னின்று நடத்துவது என்று ஒரு பெயரையும் எழுதுங்கள். அது உங்கள் பெயராகவே இருக்கட்டும். கார்த்திகைக்கு மாவளி கற்றுக்கொள்ள விரும்பும் பிள்ளைகள் பின்பக்கத்தில் எழுதுங்கள். பூக்கதிர் பொறுக்க உங்களைக் கூட்டிக்கொண்டு போக நான் வருகிறேன்.